டெல்டா ரோட்டில் பலேனோ ஆர்எஸ்: புதிதாக வாங்குவோருக்கு

மாருதி பலேனோ ஆர்எஸ் 2017 மார்ச்சில் வந்தது. பிஎஸ்6 என்ற புகை மாசு விதி அமலுக்கு வருவதற்கு முன்பே விற்பனையில் இருந்து போய்விட்டது. 998 சிசி, மூன்று சிலிண்டர், நேரடி இன்ஜெக்‌ஷன், டர்போ. சக்தி 102 பிஎஸ், முறுக்குவிசை 150 நியூட்டன் மீட்டர். சாதாரண பெட்ரோல் பலேனோவில் 84 பிஎஸ், 115 நியூட்டன் மீட்டர்தான். ஐந்து கியர் மேனுவல் மட்டும். நாலு சக்கரத்துக்கும் டிஸ்க் பிரேக். எடை 950 கிலோ. வந்தபோது டெல்லி ஷோரூம் விலை 8.69 லட்சம். பார்த்தால் பக்கத்து வீட்டு பலேனோ மாதிரியே இருந்ததால் "இதற்கு எதற்கு இவ்வளவு?" என்று பலர் கடந்து போனார்கள். ஐரோப்பாவில் இதே எஞ்சின் 111 பிஎஸ் கொடுக்க, இங்கே குறைத்துவிட்டார்கள் என்ற குறையும் சேர்ந்துகொண்டது.

பழைய வண்டிச் சந்தையில் இன்று தேடும்போது போலோ ஜிடி டிஎஸ்ஐ, புன்ட்டோ அபார்த், டியாகோ ஜேடிபி என்று வேறு டர்போ கார்களின் பெயர்களும் வரும். ஓட்டும் சுகத்தில் அபார்த் ஒரு படி மேல். ஆனால் மன்னார்குடியில் அதன் ஒரு சென்சார் போனால் என்ன செய்வது என்று முதலில் யோசியுங்கள். பாதி உதிரிபாகம் சாதாரண பலேனோவோடு பொது என்பதும், தரையில் இருந்து 170 மி.மீ. உயரம் என்பதும்தான் ஆர்எஸ்ஸை டெல்டாவில் தினசரி வண்டியாக வைத்துக்கொள்ள முடிவதற்குக் காரணம். பராமரிப்பை மட்டும் கிலோமீட்டர் கணக்கோடு விட்டுவிடக் கூடாது. இங்கே குறுவை அறுப்பு, ஐப்பசி மழை, சம்பா அறுப்பு, அதன் பின் உளுந்து என்று பட்டம் மாற மாற வண்டிக்கு வரும் தொல்லையும் மாறும்.

வாங்கும் முன்

முதல் வேலை பிரேக். டர்போ எஞ்சினில் காற்றை உள்ளே இழுக்கும் இன்டேக் பக்கம் எப்போதும் வெற்றிடம் கிடைக்காது என்பதால், மிதிக்கும் விசையைக் கூட்டித் தரும் பிரேக் பூஸ்டருக்குத் தனியாக ஒரு வேக்யூம் பம்ப் உண்டு. அதில் குறை இருக்கலாம் என்று 2023 ஏப்ரலில் மாருதி 7,213 ஆர்எஸ் வண்டிகளைத் திரும்ப அழைத்தது. 2016 அக்டோபர் 27 முதல் 2019 நவம்பர் 1 வரை தயாரானவை. மாடல் விற்ற காலம் ஏறக்குறைய முழுவதும் இதற்குள் வந்துவிடுகிறது. ஆகவே நீங்கள் பார்க்கும் வண்டியும் அதில் ஒன்றாக இருக்கத்தான் வாய்ப்பு அதிகம். சேசிஸ் எண்ணைக் கொண்டு அங்கீகரிக்கப்பட்ட சர்வீஸ் சென்டரில் "இந்த ரீகால் வேலை முடிந்ததா?" என்று கேளுங்கள். முடியவில்லை என்றால் முடித்துத் தரச் சொல்லிவிட்டுப் பணம் பேசலாம்.

நீங்களே செய்து பார்க்கும் சோதனையும் உண்டு. எஞ்சினை அணைத்துவிட்டு பிரேக் பெடலை நாலைந்து முறை மிதியுங்கள். கல் போல இறுகிவிடும். அப்படியே அழுத்திப் பிடித்துக்கொண்டு ஸ்டார்ட் செய்யுங்கள். பெடல் லேசாக உள்ளே இறங்க வேண்டும். இறங்கவில்லை என்றால் பூஸ்டர், குழாய், பம்ப் மூன்றில் ஒன்று சரியில்லை. அந்த வண்டியை டெஸ்ட் டிரைவுக்கும் எடுக்க வேண்டாம்.

அடுத்து எஞ்சின். காலையில், ஓடாமல் குளிர்ந்து கிடக்கும் வண்டியைத்தான் பார்க்க வேண்டும். விற்பவர் முன்கூட்டியே ஸ்டார்ட் செய்து சூடாக்கி வைத்திருந்தால் இன்னொரு நாள் வருகிறேன் என்று சொல்லிவிடுங்கள். குளிர்ந்த ஸ்டார்ட்டில் அரை நிமிடத்துக்கு மேல் குலுங்கினால் வால்வில் கரி படிந்திருக்கலாம், பிளக் போயிருக்கலாம். ஐந்து நிமிடம் ஐடிலில் விட்டு ஒரு முறை ஆக்ஸிலேட்டரை அழுத்தினால் நீலப் புகை வரக்கூடாது. வந்தால் டர்போ சீலைச் சந்தேகப்படுங்கள். டர்போவில் இருந்து, அது தள்ளும் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலருக்குப் போகும் ரப்பர் குழாய்களின் மூட்டுகளில் விரல் வைத்துப் பாருங்கள். மெல்லிய எண்ணெய்ப் பசை பரவாயில்லை. சொட்டு இருந்தால் சரியில்லை. டைமிங் பெல்ட் இதில் கிடையாது, செயின்தான். ஸ்டார்ட் ஆனவுடன் கடகடவென்று ஒலி நீடித்தால் எண்ணெய் மாற்றாமல் ஓட்டியிருக்கிறார்கள்.

வெள்ளத்தில் நின்ற வண்டியா என்று கட்டாயம் பாருங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் சென்னையில் மூழ்கிய வண்டிகள் உள்ளூர்ச் சந்தைகளுக்கு வந்து சேர்வது ரகசியம் இல்லை. சீட் பெல்ட்டை முழுவதும் வெளியே இழுங்கள்; அடி நுனியில் சேற்றுக் கோடு தெரியும். அதைக் கழுவிவிட்டு விற்பவர்கள் குறைவு. முன் சீட்டைப் பின்னால் தள்ளி, தண்டவாளத்தின் போல்ட்களில் துரு இருக்கிறதா பாருங்கள். டிக்கியில் ஸ்டெப்னியைத் தூக்கி அந்தப் பள்ளத்தையும் பார்த்துவிடுங்கள். தூக்கியது தூக்கியபடி, ஸ்டெப்னியின் டயர் அளவையும் படித்துக்கொள்ளுங்கள். ஓடும் நாலு டயரும் 195/55 ஆர்16. ஸ்டெப்னி சிறியதாக இருந்தால் அது பங்க்சர் கடை வரை போக மட்டும்தான்.

ஆர்.சி. விஷயம் சுருக்கமாக: படிவம் 29, படிவம் 30, இன்சூரன்ஸ், புகைச் சான்று. வேறு மாநிலத்து வண்டி என்றால் படிவம் 28இல் தடையின்மைச் சான்று. கடன் இருந்திருந்தால் வங்கியின் படிவம் 35. டிஎன் 49 தஞ்சாவூர், 50 திருவாரூர், 51 நாகப்பட்டினம், 68 கும்பகோணம், 82 மயிலாடுதுறை. உள்ளூர் எண்ணாக இருந்தால் வண்டியின் பழைய கதையை விசாரிப்பது எளிது, நாலு டீக்கடையில் கேட்டாலே வந்துவிடும்.

ஓட்டும் முறை

முறுக்குவிசை முழுதாகக் கிடைப்பது எஞ்சின் நிமிடத்துக்கு 1,700 முதல் 4,500 சுற்று சுழலும் வரை. அதற்குக் கீழே இது ஒரு லிட்டர் மூன்று சிலிண்டர் வண்டி, அவ்வளவுதான். கும்பகோணம் பெரிய கடைத்தெருவில் மூன்றாவது கியரில் 20 கி.மீ. வேகத்தில் ஊர்ந்தால் வண்டி உதறும். அந்த உதறலை கிளட்சை அரைகுறையாக அழுத்திச் சமாளிப்பதுதான் புதியவர்கள் செய்வது. கிளட்ச் தட்டு போவது அப்படித்தான். நெரிசலில் இரண்டாவது கியரை விட்டு மேலே போகாதீர்கள், நின்றால் நியூட்ரல்.

பாபநாசம், வலங்கைமான், நீடாமங்கலம் பக்கம் இரு வழி ரோட்டில் இந்த வண்டியின் அருமை தெரியும். டவுன் பஸ் பின்னால் நாலாவது கியரில் ஒட்டிக்கொண்டு போனால் டர்போ தூங்கிவிடும். எதிரே காலியானதும் மிதித்தால் ஒரு நொடி ஒன்றும் நடக்காது, பிறகு திடீரென்று இழுக்கும். அந்த ஒரு நொடிதான் ஆபத்து. முறை இது: பஸ்ஸில் இருந்து மூன்று வண்டி நீளம் தள்ளியே வாருங்கள். எதிர்த்திசை தெரியத் தொடங்கும்போதே மூன்றாவது கியருக்கு இறங்கி, எஞ்சின் சுற்றைக் காட்டும் ஊசியை 2,500 பக்கம் வைத்துக்கொள்ளுங்கள். ரோடு காலி என்று உறுதியான பின் மிதியுங்கள். 950 கிலோ வண்டி என்பதால் முந்தும் தூரம் குறைவாகவே இருக்கும். ஐந்தாயிரம் சுற்று வரை விரட்ட வேண்டியதில்லை.

இரவில் விதி வேறு. டெயில் லைட் இல்லாத டிராக்டர் டிரெய்லர், வைக்கோல் பாரம் ரோட்டின் பாதியை மறைத்து நிற்கும் வண்டி, நடு ரோட்டில் படுத்திருக்கும் மாடு இவை மூன்றும் டெல்டாவின் இரவுச் சொத்து. 2017 வண்டிகளில் உள்ள செனான் விளக்கு நல்ல வெளிச்சம். ஆனால் பின் சீட்டில் மூன்று பேர் ஏறினால் மூக்கு தூக்கி எதிரே வருபவரின் கண்ணைக் கூசவைக்கும். விளக்கை ஏற்றி இறக்கும் சக்கரம் டாஷ்போர்டில் இருந்தால், ஆள் ஏறியதும் அதைத் திருப்பி விளக்கைக் கீழே இறக்குங்கள்.

வாய்க்கால் கரை ரோடு பற்றி ஒரு வார்த்தை. எதிரே பஸ் வந்தால் ஒதுங்குவது நம் பழக்கம். மழை பெய்த மறுநாள் தார் விளிம்பை விட்டு இறங்கினால் கரை மண் சக்கரத்தோடு சரியும். அகலமான இடத்தை முன்னாலேயே பார்த்து நின்றுவிடுங்கள், பஸ் கடக்கட்டும். இதில் ரோஷம் பார்க்க ஒன்றுமில்லை.

நீண்ட தூரம் விரட்டி ஓட்டியிருந்தால், வீடு வரும் கடைசி ஒரு கிலோமீட்டர் மெதுவாக வாருங்கள். டர்போ குளிர அதுவே போதும். திருச்சி நால்வழிச் சாலையில் வேகமாக வந்து நேரே ஓட்டல் வாசலில் நிறுத்துகிறீர்கள் என்றால் மட்டும் ஒரு நிமிடம் ஐடிலில் விட்டு அணையுங்கள்.

ரோட்டில் காயும் நெல், வைக்கோல், உளுந்து

டெல்டாவுக்கு வெளியே எழுதப்பட்ட எந்த கார் கையேட்டிலும் இது இருக்காது. தை, மாசியில் சம்பா வைக்கோல். மாசி, பங்குனியில் உளுந்து, பயறு. களம் போதாதவர்கள் செடியை ரோட்டில் பரப்பிவிடுவார்கள், வண்டிகள் ஏறி ஏறி மணி உதிரும். சட்டப்படி தவறு என்று சண்டை போடலாம். ஆனால் அடுத்த வளைவில் இன்னொருவர் பரப்பியிருப்பார். ஏறிக் கடக்கத் தெரிந்துகொள்வதே வழி.

ஆபத்து இரண்டு. எஞ்சினை ஒட்டியும் வண்டியின் அடியிலும் போகும் புகைக்குழாய், அதில் புகையைச் சுத்தம் செய்யும் கேட்டலிட்டிக் கன்வெர்ட்டர் எல்லாம் பல நூறு டிகிரி சூடு. காய்ந்த செடி அதற்கும் அடித்தட்டுக்கும் நடுவே சிக்கினால் புகையும், பிறகு பற்றும். இரண்டாவது, முன் சக்கரத்துக்குப் போகும் டிரைவ் ஷாஃப்டில் வைக்கோல் தாள் கயிறு போலச் சுற்றிக்கொள்ளும். சுற்றிய கயிறு ஓடும்போது கியர்பாக்ஸ் ஆயில் சீலைத் தேய்க்கும், ஷாஃப்டின் ரப்பர் உறையைக் கிழிக்கும். அதன் வலி இரண்டு மாதம் கழித்து ஆயில் கசிவாகவும், திருப்பத்தில் கடக் கடக் ஒலியாகவும் தெரியும். அப்போது காரணம் யாருக்கும் ஞாபகம் இருக்காது.

கடக்கும் முறை:

1. நின்று பாருங்கள். கணுக்காலுக்கு மேல் உயரம் பரப்பியிருந்தால், அல்லது இன்னும் வண்டி ஏறாமல் பொதபொதவென்று இருந்தால் போக வேண்டாம். ஒரு பஸ்ஸோ லாரியோ ஏறி அமுக்கிய தடம் கிடைக்கும் வரை காத்திருங்கள். ஓரத்தில் ஒரு பக்கச் சக்கரம் வெறும் தாரில் போக இடம் இருந்தால் அதுவே நல்லது.

2. இரண்டாவது கியர், 15 முதல் 20 கி.மீ. வேகம். நடுவில் நிற்காதீர்கள், கிளட்சில் கால் வைக்காதீர்கள். அதன் மேல் வண்டியை நிறுத்தி இறங்கிப் பேசுவது கூடவே கூடாது.

3. கடந்ததும் நூறு மீட்டர் தள்ளி, வெறும் தாரில் நிறுத்தி எஞ்சினை அணையுங்கள். குனிந்து முன் பக்கம் அடியில் பாருங்கள். தொங்குவதைக் குச்சியால் இழுத்துவிடுங்கள். கையை உள்ளே விட வேண்டாம், சுட்டுவிடும். ஆர்எஸ்ஸில் முன் பம்பருக்குக் கீழே கூடுதல் ஸ்கர்ட் இருப்பதால் அதன் பின்னால் தாள் அடைந்துகொள்ளும், அதையும் பாருங்கள்.

4. ஸ்டியரிங்கை ஒரு பக்கம் முழுவதும் திருப்பினால் முன் சக்கரத்துக்குப் பின்னே டிரைவ் ஷாஃப்ட் தெரியும். சுற்றியிருந்தால் ஆற விட்டு, கருக்கரிவாளோ கத்தியோ கொண்டு ஷாஃப்டுக்கு இணையாக அறுத்து எடுங்கள். ரப்பர் உறையின் பக்கம் கத்தி போகக் கூடாது.

5. ஓடும்போது வைக்கோல் கருகும் வாடை வந்தால், தாள் இல்லாத இடத்துக்கு வண்டியைக் கொண்டுபோய் அணைத்துவிட்டு முதலில் எல்லாரும் இறங்குங்கள். பானட்டின் ஓரத்தில் புகை வந்தால் அதை முழுவதும் தூக்காதீர்கள், காற்று போனால் பற்றும். ஒரு கிலோ ஏபிசி பவுடர் தீயணைப்பான் டிரைவர் கைக்கு எட்டும் இடத்தில் இருக்கட்டும். டிக்கியில் சாமானுக்கு அடியில் இருந்து பயனில்லை.

நெல் காயப்போட்டிருக்கும் இடம் வேறு மாதிரி. மணி உருளும், பிரேக் பிடித்தால் சறுக்கும். முன்னாலேயே வேகத்தைக் குறைத்துவிட்டு நேராகக் கடக்க வேண்டும். அதன் மேல் ஸ்டியரிங்கை ஒடிக்கக் கூடாது. நெல்லைக் காப்பதற்கு ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்திருப்பார்கள். நெல்லை அள்ளிக்கொண்டு போய்விடுவார்கள், கல் அங்கேயே கிடக்கும். 55 புரொஃபைல் டயரின் பக்கச்சுவர் உயரம் 107 மி.மீ.தான். இருட்டில் அறுபதில் ஒரு கல் மேல் ஏறினால் ரிம் வளையும், டயரில் கொப்பளம் வரும். கொப்பளம் வந்த டயருக்கு வைத்தியம் இல்லை, மாற்ற வேண்டியதுதான். கொள்முதல் நிலையம் இருக்கும் ஊர்களில் அறுப்புக் காலம் முழுக்க இந்த எச்சரிக்கை தேவை.

பெல்ட் வைத்த அறுப்பு மெஷினும் கேஜ் வீல் என்ற இரும்புக் கூண்டுச் சக்கரம் மாட்டிய டிராக்டரும் வயலில் இருந்து ஏறிய இடத்தில் களிமண் கட்டிகள் கிடக்கும். காய்ந்திருந்தால் அடித்தட்டில் இடிக்கும், ஒரு தூறல் விழுந்தால் வாழைப்பழத் தோல். ஏபிஎஸ் சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்ளும், ஆனால் களிமண்ணில் நிற்கும் தூரத்தைக் குறைத்துவிடாது.

சீசன் முடிந்ததும் ஒரு வேலை. ஏசி கண்டென்சர், இன்டர்கூலர், ரேடியேட்டர் எல்லாம் முன்னால் காற்று வாங்கும் இடத்தில் இருப்பவை. பதரும் தூசியும் அந்த இடுக்குகளை அடைத்துவிட்டால் ஏசி குளிராது, சித்திரை வெயிலில் வண்டியின் இழுவையும் குறையும். காரணம், உள்ளே போகும் காற்று சூடாகவே போகிறது. குறைந்த அழுத்தத்தில், முடிந்த வரை உள்ளே இருந்து வெளியே தண்ணீர் அடித்துக் கழுவச் சொல்லுங்கள். வாட்டர் சர்வீஸில் அந்த பிரஷர் கன்னை நேராகக் காட்டினால் மெல்லிய தகடுகள் மடங்கிவிடும். ஏர் ஃபில்டர், கேபின் ஃபில்டர் இரண்டையும் அதே நாளில் திறந்து தட்டிவிடலாம்.

தண்ணீர்

ஐப்பசி, கார்த்திகையில் தண்ணீர் நிற்கும் ரோட்டைத் தவிர்க்க முடியாது. இந்த டயரின் மொத்த உயரம் 62 செ.மீ.; நடு அச்சு 31 செ.மீ. உயரத்தில் இருக்கும். "அரை சக்கரம் வரை போகலாம்" என்று சொல்பவர்களுக்கு லாரிப் பழக்கம். 17 செ.மீ.யிலேயே தண்ணீர் அடித்தட்டைத் தொட்டுவிடும். நிற்கும் தண்ணீருக்கு 20 செ.மீ. எல்லை என்று வைத்துக்கொள்ளுங்கள். ஒரு குடைக் கம்பில் 20 செ.மீ. உயரத்தில் கலர் டேப் சுற்றி வண்டியிலேயே போட்டுவையுங்கள். சந்தேகம் வந்தால் இறங்கி அளக்கலாம். பானட்டைத் திறந்து ஏர் ஃபில்டர் குழாயின் வாய் எங்கே இருக்கிறது, தரையில் இருந்து எத்தனை செ.மீ. என்று ஒரு நாள் டேப் வைத்து அளந்து அந்த எண்ணையும் மனதில் வைத்திருங்கள். ஓடும் தண்ணீர் என்றால் ஆழம் எவ்வளவாக இருந்தாலும் திரும்பிவிட வேண்டும்.

இறங்கினால் முதல் கியர், சீரான வேகம், நடுவில் கியர் மாற்றம் கிடையாது. எதிரே பஸ் வருகிறது என்றால் அது கடக்கும் வரை கரையிலேயே நில்லுங்கள். பஸ் எழுப்பும் அலைதான் குழாய் வாய்க்குள் தண்ணீரை ஏற்றும். ஏறியதும் மெதுவாக ஓட்டியபடி பிரேக்கை லேசாக நாலைந்து முறை தொட்டு டிஸ்க்கைக் காயவிடுங்கள்.

நடுவில் வண்டி அணைந்துவிட்டால் திரும்ப ஸ்டார்ட் செய்யாதீர்கள். சிலிண்டருக்குள் தண்ணீர் போயிருந்தால் அது அமுங்காது. பிஸ்டன் மேலே வரும்போது கனெக்டிங் ராடு வளையும். ஒரு முறை ஸ்டார்ட் செய்ததில் எஞ்சின் முழுக்கப் போகும். ஆள் வைத்துத் தள்ளி மேட்டில் ஏற்றி, டோ வண்டியில் எடுத்துப் போங்கள். முதலில் ஏர் ஃபில்டர் நனைந்திருக்கிறதா என்று பார்ப்பார்கள். நனைந்திருந்தால் பிளக்குகளைக் கழற்றிவிட்டுத்தான் எஞ்சினைச் சுழற்ற வேண்டும். இன்சூரன்ஸ் எடுக்கும்போது எஞ்சின் பாதுகாப்பு என்ற கூடுதல் கவரைச் சேர்த்திருக்கிறீர்களா என்று ஆவணி மாதமே பார்த்துக்கொள்ளுங்கள். அது இல்லாத சாதாரண பாலிசியில் தண்ணீர் புகுந்து கெட்ட எஞ்சினுக்குப் பணம் கிடைப்பது கடினம்.

எலி

அறுப்பு முடிந்து வயல் வெறுமையானதும் எலிகள் வீட்டுப் பக்கம் வரும். சூடான எஞ்சின் அறை அவற்றுக்குப் பிரசவ ஆஸ்பத்திரி. வயல் ஓரத்து வீடு என்றால் புரட்டாசி, ஐப்பசியிலும் தை, மாசியிலும் வாரம் ஒரு முறை பானட்டைத் திறந்து பாருங்கள்: பேட்டரி மேல், ஏர் ஃபில்டர் பெட்டிக்குள், கேபின் ஃபில்டர் அறையில். ஒரு தாள் துணுக்கு, புழுக்கை எது இருந்தாலும் வந்துவிட்டது என்று பொருள். முதலில் கடிபடுவது சென்சார் ஒயர்களும் வைப்பர் தண்ணீர்க் குழாயும். எஞ்சின் விளக்கு எரிந்து இழுவையும் போனால் டர்போவைக் குறை சொல்லும் முன் ஒயரிங்கைப் பாருங்கள். நூறு ரூபாய் வேலையாக இருக்கக்கூடும். இரவில் பானட்டைத் திறந்துவைத்து ஒரு பல்பு போடுவது ஊரில் எல்லாரும் செய்வது, ஓரளவு பலன் உண்டு. கீழிருந்து ஏறும் வழிகளுக்குக் கம்பி வலை அடிப்பது அதைவிட உறுதி; புகைக்குழாயில் படாமல் அடிக்க வேண்டும். எலியைத் தேடிச் சாரையும் வரும் என்பதால் பானட்டைத் தட்டிவிட்டுத் திறப்பது நல்ல பழக்கம்.

சர்வீஸ்

கம்பெனி கணக்கு 10,000 கி.மீ. அல்லது ஒரு வருடம், எது முந்துகிறதோ அது. வீட்டில் இருந்து கடைக்கு மூன்று கி.மீ., ரயிலடிக்கு நாலு கி.மீ. என்று ஓடும் வண்டிக்கு இது போதாது. எண்ணெய் முழுச் சூட்டுக்கு வரும் முன்பே வண்டி நின்றுவிடும். நேரடி இன்ஜெக்‌ஷனில் பெட்ரோல் சிலிண்டர் சுவரை ஒட்டிக் கீழே இறங்கி எண்ணெயில் கலக்கும். டிப்ஸ்டிக்கில் அளவு குறைவதற்குப் பதில் ஏறியிருந்தால், முகர்ந்தால் பெட்ரோல் வாடை அடித்தால், அதுதான் நடக்கிறது. இப்படிப்பட்ட ஓட்டத்துக்கு 6 மாதத்துக்கு ஒரு முறை எண்ணெயும் ஃபில்டரும் மாற்றுங்கள். வாரம் ஒரு நாள் அரை மணி நேரம் ஹைவேயில் ஓட்டுங்கள். எண்ணெய் கிரேடு, கையேட்டில் உள்ளது எதுவோ அது. பட்டறையில் "எல்லா மாருதிக்கும் இதுதான்" என்று டிரம்மில் இருந்து ஊற்ற வந்தால் தடுத்துவிடுங்கள்.

இந்த எஞ்சினில் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் பீய்ச்சப்படுவதால் இன்டேக் வால்வின் முதுகில் படும் எண்ணெய்ப் புகையைக் கழுவிவிட ஒன்றும் இல்லை. வருடக் கணக்கில் கரி ஏறும். காலையில் குலுங்கல், மைலேஜ் சரிவு, கீழ்ச் சுற்றில் மந்தம் இவை அடையாளம். டேங்கில் ஊற்றும் கிளீனர் பாட்டில் இன்ஜெக்டர் நுனிக்கு உதவலாம், வால்வைத் தொடவே தொடாது. இன்டேக் மேனிஃபோல்டைக் கழற்றிச் சுரண்டித்தான் எடுக்க வேண்டும். பழகிய கையிடம் மட்டும் கொடுங்கள். திருச்சிக்குப் போக வேண்டியிருந்தாலும் போகலாம்.

உதிரிபாகம் கேட்கும்போது "பலேனோ" என்று சொன்னால் பின் பிரேக்குக்கு டிரம் ஷூவை எடுத்து வைப்பார்கள். சாதாரண பலேனோவில் பின்னால் டிரம். கதவு, கண்ணாடி, உள் அலங்காரம் பொது. டர்போ, இன்ஜெக்டர், உயர் அழுத்த பம்ப், வேக்யூம் பம்ப், பின் டிஸ்க், பேட், பம்பர் ஸ்கர்ட் இவை ஆர்எஸ்ஸுக்கு மட்டும். சேசிஸ் எண் கொடுத்துப் பார்ட் நம்பர் எடுத்துத்தான் ஆர்டர் போட வேண்டும். பின் பேட் ஒரு செட் வாங்கி அலமாரியில் போட்டுவைப்பது புத்திசாலித்தனம். பெயின்ட் அடிக்காத வேகத்தடைகள் ஸ்கர்ட்டைக் கடிக்கும்; ஊருக்கு ஊர் அவை எங்கே இருக்கின்றன என்று தெரியும் வரை மெதுவாகவே போங்கள்.

பெட்ரோல். இப்போது பம்புகளில் கிடைப்பது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. இந்த வண்டி அதற்கு முந்தைய காலத்தது. ஓடும், மைலேஜ் சற்றுக் குறையும். எத்தனால் ஈரத்தை இழுக்கும் என்பதால் மாதக் கணக்கில் நிறுத்திவைக்கும்போது டேங்க் பாதி காலியாக இருக்கக் கூடாது. ரப்பர் எரிபொருள் குழாய்களில் வெடிப்போ பெட்ரோல் வாடையோ இருக்கிறதா என்று ஒவ்வொரு சர்வீஸிலும் பார்க்கச் சொல்லுங்கள். காகிதத்தில் 21.1 கி.மீ. மைலேஜ். ஊருக்குள் 12, 13. நிதானமான ஹைவேயில் 17 வந்தால் வண்டி நலமாக இருக்கிறது. டேங்க் 37 லிட்டர் என்பதால் தஞ்சாவூரில் நிரப்பினால் சென்னை வரை கவலை இல்லை.

நாகப்பட்டினம், வேளாங்கண்ணி, வேதாரண்யம் பக்கம் இருப்பவர்களுக்கு உப்புக் காற்று தனிப் பிரச்சினை. வாரம் ஒரு முறை அடிப்பகுதியை நல்ல தண்ணீரில் கழுவுங்கள். போர் தண்ணீர் உப்பாக இருந்தால் அதில் கழுவுவது வேண்டாத வேலை. ஊருக்குப் போய் பத்து நாள் வண்டியை நிறுத்துகிறீர்கள் என்றால் ஹேண்ட்பிரேக் போடாமல் முதல் கியரில் விட்டு, சக்கரத்துக்கு மரக்கட்டை முட்டுக் கொடுங்கள். போட்டுவிட்டுப் போனால் பின் பேட் டிஸ்க்கோடு துருவில் ஒட்டிக்கொள்ளும். வந்து முதல் நாள் எடுக்கும்போது டப் என்று விடும், சில சமயம் விடாது.

டியூனிங்

"ஐரோப்பாவில் 111 இருக்கிறதே, ரீமேப் செய்துவிடலாமா?" என்ற கேள்வி, அதாவது எஞ்சின் கணினியின் அமைப்பை மாற்றிச் சக்தியைக் கூட்டலாமா என்பது, முதல் மாதமே வரும். செய்ய வேண்டாம். கிளட்ச், பிளக், எண்ணெய் எல்லாவற்றையும் இன்னும் சீக்கிரம் மாற்ற வேண்டிவரும். இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவிக்காமல் செய்தால் கிளெய்ம் நேரத்தில் சிக்கல். ஆர்.சி.யில் உள்ள விவரத்துக்கு மாறாக வண்டியை மாற்றுவது மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52இன் கீழ் வரும். அந்தப் பணத்தில் நாலு நல்ல டயர் வாங்குங்கள். உயரம் கூட வேண்டும் என்று 195/60 ஆர்16 போடுபவர்கள் உண்டு. வண்டி 1 செ.மீ. உயரும், வேகமானி முன்பைவிடச் சுமார் 3 சதவீதம் குறைத்துக் காட்டும். போடுவதாக இருந்தால் பின்னால் மூன்று பேரை உட்காரவைத்து, டிக்கியில் இரண்டு அரிசிச் சிப்பம் ஏற்றி, ஸ்டியரிங்கை இரு பக்கமும் கடைசி வரை திருப்பி, உள் மட்கார்டில் உரசவில்லை என்று கடை வாசலிலேயே பார்த்த பிறகு பணத்தைக் கொடுங்கள்.